ட்வைனில் கிளைக்கதைப் பாடம்: கதை கையை மீறிப் போகிறது

தேயிலைப்பூ (கேள்வி)
வணக்கம். கண்டிப் பக்கம், தமிழ்த்துறை மாணவர் 20 பேருக்கு ட்வைனில் (கிளைக்கதை எழுதும் மென்பொருள்) ஊடாட்டக் கதைப் பாடம். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள்தான் களம். ஒவ்வொரு பெட்டியிலும் (ஒரு கதைத் துண்டு) இரண்டு தெரிவு வைத்துக்கொண்டே போனால் யாராலும் முடிக்க முடியவில்லை. ஆய்வுக்கும் பயன்பட வேண்டும். எப்படி நடத்தலாம்?

மலைமுகில்
இரண்டிரண்டாகப் பிரிந்து 10 படி போனால் 1024 முடிவுகள், மொத்தம் 2047 பெட்டிகள். பிரிந்த கிளைகளைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். மூன்று இடத்தில் பிரிந்து மூன்று முறையும் சேர்ந்தால் 10 பெட்டி போதும், அதற்குள் 8 வழி கிடைக்கும். வேறுபாட்டை மாறியில் (கதை நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) வையுங்கள். காலையில் எடுத்த தெரிவெல்லாம் கொழுந்து நிறையைக் கூட்டிக் குறைக்கட்டும், மாலைத் தராசடியில் முழுப்பேரா (முழு நாள் கூலி) அரைப்பேரா (பாதிக் கூலி) என்று அது தீர்மானிக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: வாசகர் அதே பெட்டிக்குச் சுற்றி வந்தால் நிறை இரண்டாம் முறையும் கூடிவிடும். முன்பு வந்தாரா என்று பார்க்கும் நிபந்தனை கட்டாயம். முதல் இரண்டு வாரம் கணினியே வேண்டாம், காகித அட்டைகளும் அவற்றை இணைக்க நூல்கயிறும் போதும்.

கல்லருவி
பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும், முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்தெழுத்தாகத் தோன்றும் விளைவில் 'கொ' உடைந்து க தனியே நிற்கும். யூனிகோடில் அது இரண்டு குறிகள். சொல் சொல்லாகத் தோன்றச் செய்தால் தீரும். உலாவியில் எழுதும் கதை அந்த உலாவிக்குள்ளேயே இருக்கிறது. ஆய்வுகூடக் கணினியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் கோப்பாக இறக்கி பென்டிரைவில் வைக்கச் சொல்லுங்கள்.

தேயிலைப்பூ
மிக்க நன்றி. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் தெரிவுக்கு என்ன மதிப்பு என்று மாணவர்கள் கேட்பார்களே?

மலைமுகில்
சிவன் மன்மதனை எரிக்கும் கதையை மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைக் காட்டுங்கள். மன்மதன் எரிவான் என்பது மாசி பிறக்கும் முன்பே ஊருக்குத் தெரியும். இருந்தும் தோட்டத்து ஆட்களே வேடம் கட்டி நிற்கிறார்கள், ரதியின் ஒப்பாரிக்கு அழுகிறார்கள். எரியும் பெட்டி ஒன்றே இருக்கட்டும். அதற்கு முன் ரதியோடு நின்றவருக்கும் சிவனின் பக்கம் நின்றவருக்கும் அந்த ஒப்பாரி வேறு வேறு வரிகளில் வரட்டும். என் கணிப்பில் இதுவே பாடத்தின் நடுப்பகுதி, நான்கு வாரமாவது கொடுங்கள்.

ஆய்வுக்குச் சொடுக்குப் பதிவு மட்டும் போதாது. எதை எடுத்தார் என்று அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. சொடுக்கும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என வாசகரை வாய்விட்டுச் சொல்லச் செய்து, ஒப்புதல் கையெழுத்தோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். இரண்டாம் வாசிப்பையும் பதிவு செய்யுங்கள். சேரும் இடத்தை வாசகர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.