ஸ்மாஷ் அடித்தால் பத்து ரூபாய்

போட்டி நடத்திய குழுவிலிருந்து

ஷட்டில் போட்டிக்கு வந்தவங்க பார்த்ததை எழுதுங்கன்னு கேட்டிருந்தேன். ஆளாளுக்குப் போன்ல சொல்றீங்களே தவிர எழுத மாட்டேங்கறீங்க. பிள்ளைகளை எழுதச் சொல்ற கூட்டம் நாம, நாமளே எழுதலைன்னா எப்படிங்க? சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

புதுசா வந்தவங்களுக்காக: கோவையில சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூலகத்துல ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளைங்க கதை எழுத வர்றாங்க. பாதிப் பேர் மில், லேத் பட்டறை வேலைக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க. எழுதினதைத் தொகுத்து, ஜெராக்ஸ் போட்டு, நூல் கோத்துக் கையெழுத்துப் பத்திரிகையாக் கொடுக்கிறோம். பேப்பர், ஜெராக்ஸ், பதினோரு மணிக்குச் சுண்டல், பசங்களுக்குப் பஸ் காசு, இவ்வளவுதான் செலவு. பொண்ணுங்களுக்கு டவுன் பஸ் இலவசம், அந்த மட்டும் மிச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனா மாசாமாசம் யார்கிட்டயாவது கை நீட்டணும். கேட்டுக் கேட்டு எங்களுக்கே கூச்சமாப் போச்சு. அதனாலதான் இந்தப் போட்டி.

இரட்டையர் மட்டும். ஜோடியில ஒருத்தர் தினமும் கோர்ட்டுக்குப் போறவரா இருக்கணும், இன்னொருத்தர் பேட்டே பிடிக்காதவரா இருக்கணும். 21 பாயின்ட் வச்சா ராத்திரி ஆயிடும்னு 11 பாயின்ட், ஒரே கேம். ஸ்மாஷ் (மேல இருந்து கீழ ஓங்கி அடிக்கிறது) அடிச்சா உண்டியல்ல 10 ரூபாய். அது பாயின்ட் ஆனாலும் சரி, நெட்ல விழுந்தாலும் சரி. நடுவர்கிட்ட வாக்குவாதம் பண்ணினா 50. தோத்த ஜோடி ஒரு குட்டிக் கதை எழுதி சுவர்ல ஒட்டிட்டுத்தான் வெளியே போகணும். நடுவருங்க எல்லாம் நம்ம பிள்ளைங்க.

இறகு ஷட்டில் வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம். அதுல மொத்தம் 16 இறகு. புது ஆளு ஃபிரேம்ல ரெண்டு தடவை இடிச்சா ஒண்ணு முறிஞ்சிடும், அப்புறம் அது தள்ளாடிட்டேதான் போகும். நீல வளையம் போட்ட நைலான் ஷட்டில் வாங்கினோம், சாயங்காலம் வரைக்கும் தாங்குச்சு.

தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஆடும் செட்டைச் சேர்ந்தவர்

அண்ணா, நெட் சமாச்சாரத்தை விட்டுட்டீங்களே! நடுவுல 5 அடி இருக்கணும். டேப் எங்கயோ போயிடுச்சு. ஆளுக்கு ஒரு பக்கம் தேடிட்டு இருக்கோம், எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்து, "அங்கிள், நான் கரெக்ட்டா அஞ்சடி. போன வாரம்தான் ஸ்கூல்ல அளந்தாங்க"ன்னு நெட்டுக்குக் கீழ நிமிர்ந்து நின்னுச்சு. தலையில நெட் உரசற அளவுக்கு இறக்கிக் கட்டினோம். செருப்பைக் கழட்டிட்டியான்னு ஒருத்தர் கேட்டாரு. "கழட்டாம மேட்ல ஏறுவாங்களா?"ன்னு திருப்பிக் கேட்டுது. அவரு ஷூவோட ஏறி நின்னுட்டு இருந்தாரு, அதுவும் ரோட்டுல போட்டுட்டு வந்த ஷூ!

ஸ்மாஷ்னா என்னன்னு முதல் மேட்ச்லயே சண்டை. எதிர் டீம்ல இருந்தவரு கிளப் ஆட்டக்காரர். நல்லா உயரமா வந்ததை எகிறி அடிச்சிட்டு, "இது ஸ்மாஷ் இல்ல, ஃபாஸ்ட் டிராப்"ங்கறாரு. டிராப்னா நெட்டுக்குப் பக்கத்துல மெதுவா இறக்கி விடறது. நடுவர் ஒரு ஆறாம் வகுப்புப் பையன். கொஞ்ச நேரம் யோசிச்சான். "சத்தம் வந்தா ஸ்மாஷ்"னு தீர்ப்புச் சொல்லிட்டான். அவ்வளவுதான், நாள் பூரா அதுதான் சட்டம். இதுல அடி வாங்கினது புது ஆளுங்கதான். ஃபிரேம்ல பட்டு டமார்னு சத்தம் வந்து ஷட்டில் காலடியில விழும், அதுக்கும் பத்து ரூபாய்.

அதே கிளப்காரர் அப்புறம் லைன்ல விழுந்ததை அவுட்னு சொல்லிப் பார்த்தாரு. லைன்ல பட்டா உள்ளேங்கறது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பையன் பேசவே இல்ல, அஞ்சு விரலை விரிச்சுக் காட்டினான். மனுஷன் பர்ஸைத் திறந்து நூறு ரூபாயா எடுத்துக் கொடுத்து, "மிச்சத்தை வச்சுக்க, இன்னொரு தடவை பேசுவேன்"னாரு. பேசவும் செஞ்சாரு.

பூப்பந்து ஆட்டக்காரரின் மகள்

என் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் மில் டீமுக்குப் பூப்பந்து (பால் பேட்மின்டன்) ஆடியவர். "பேட் பிடிக்காதவர்" கணக்கில் அவரைச் சேர்த்தது நியாயமா என்று சிலர் கேட்டார்கள். ஷட்டில் பேட்டைப் பிடித்ததில்லை என்று அப்பா சத்தியம் செய்தார். அது உண்மைதான்.

பூப்பந்தில் பந்து கம்பளி நூலில் செய்தது. அடித்தால் அடித்த வேகத்தோடு போகும். ஷட்டில் அப்படியா? கிளம்பும்போது சீறும், பாதி வழியில் காற்று பிடித்துக்கொள்ளும், அப்படியே தொப்பென்று இறங்கும். அப்பா பந்துக்கு நிற்பதுபோல் பின்னால் நின்று காத்திருந்தார். ஷட்டில் அவருக்கு இரண்டடி முன்னாலேயே செத்து விழுந்தது. "என்னம்மா இது, வர்ற மாதிரி வந்து வராமப் போகுது" என்று என்னிடம் முறையிட்டார். ஐந்தாறு பாயின்ட் போன பிறகு பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு முன்னால் ஏறி நின்று மணிக்கட்டை மட்டும் திருப்பி அவர் வைத்த இரண்டு பந்துகளை ஐந்தரை மணி செட்டே கைதட்டிப் பார்த்தது. அவர் வைத்தது எதிலும் சத்தமே வரவில்லை, ஒரு பைசா அபராதம் கட்டவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பூப்பந்து தஞ்சாவூர் அரண்மனையில் ஆடிய ஆட்டம், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், ஷட்டிலுக்கு வெள்ளைக்காரர்கள் பூனாவில் விதி எழுதியதெல்லாம் 1870களில்தான், நம்முடையது அதற்கும் முந்தியது என்று ஒரே பெருமை. ஒரு பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு கடைசியில் கேட்டாள்: "அப்ப நீங்க ஏன் தாத்தா விட்டுட்டீங்க?" மில்லை மூடிட்டாங்க, டீமும் போச்சு என்றார் அப்பா. அதையும் எழுதிக்கொண்டாள்.

எழுத்து வகுப்புக்கு வரும் ஆசிரியை

அந்த நோட்டுப் பெண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கு வரும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை வரிவிடாமல் படிப்பவர்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறிலிருந்து ஒன்பது வரை தேன்சிட்டு. அதில் தன் வயதுப் பிள்ளையின் பெயரை அச்சில் பார்த்த பிறகுதான் பாதிப் பேருக்கு எழுதும் ஆசையே வருகிறது. ஆனால் எதை எழுதுவது என்றால் மரம் நடுவோம், மழைநீர் சேமிப்போம் என்று கட்டுரை நோட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் செய்வதெல்லாம் முதலில் வாயால் சொல்லச் சொல்வதுதான். சொன்னதை அப்படியே எழுது, எழுத்துப்பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்போம்.

போட்டியன்று சுவர்ப் பத்திரிகைக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு செய்தியாளரை உட்கார வைத்தோம். முதல் செய்தி "இன்று இனிதே நடைபெற்ற போட்டியில்" என்று தொடங்கியது. நான் திருத்தவில்லை, என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன். அடுத்த செய்தியில் யார் ஜெயித்தார்கள் என்பதே இல்லை. ஒரு மாமாவுக்கு முழங்கால் உறை நழுவிக்கொண்டே இருந்ததும், அவர் ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் அதை ஏற்றிவிட்டதும், பின்னாலிருந்து அவர் மனைவி "விடுங்க, விடுங்க" என்றதும்தான் இருந்தது. எனக்கு அது போதும்.

அந்தப் பெண் இதற்கு முன்பே 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஷட்டிலில் வெள்ளி வாங்கிய காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அதில் பதக்கம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முழுப் பக்கமும் ஒரு கையால் சர்வீஸ் போடும்போது ஷட்டிலை எப்படிப் பிடிப்பது என்ற சந்தேகம்தான். வீட்டில் தேங்காய் நாரை உருட்டி வைத்துச் செய்து பார்த்திருக்கிறாள்.

பெரியவர்களின் கதைகளைப் பற்றி என்ன சொல்ல? தோற்றவர்களில் ஒருவர் கணினித் துறையில் பெரிய பொறுப்பில் இருப்பவராம். பேனாவைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் சுவரையே பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்த நான்காம் வகுப்புப் பையன் பரிதாபப்பட்டு, "வாயால சொல்லுங்க அங்கிள், நான் எழுதறேன்" என்றான். எங்கள் பாடத்திட்டம் அவ்வளவுதான், அவனே நடத்திவிட்டான்.

சுண்டல் கவுண்ட்டரில் நின்றவர்

சிறப்பு விருந்தினர் கதையை யாரும் எழுத மாட்டேங்கறீங்க, நான் எழுதறேன். லேட்டா வந்தாரு. மைக்கைப் பிடிச்சவரு இளைய சமுதாயம், செல்போன்னு போயிட்டே இருந்தாரு. உண்டியல் வச்சிருந்த குட்டிப் பொண்ணு மேடை ஓரமாப் போய் நின்னுக்கிட்டு, "சார், சத்தம் வந்தா பத்து ரூபாய்"னு சொல்லிடுச்சு. நாங்க ஆடிப்போயிட்டோம். மனுஷன் நல்லவரு, சிரிச்சிட்டு ஐநூறு ரூபாயைப் போட்டுட்டு, "இது எவ்வளவு நேரத்துக்கும்மா?"ன்னாரு. அதுக்கப்புறமும் பேசினாரு, அது வேற விஷயம். சுண்டல் ஆறிப்போனதுக்கு நான் பொறுப்பில்லீங்க.

மறுபடியும் குழுவிலிருந்து

ஜெயிச்சது யாருன்னு கேட்டவங்களுக்கு: ஒரு பேங்க் மேடமும் அவங்க தெரு இஸ்திரிக்காரரும். கோப்பை கிடையாது, அந்த மாசப் பத்திரிகையில முதல் பிரதி. உண்டியலை எண்ணினோம். நுழைவுக் கட்டணத்தைவிட அபராதம்தான் ஜாஸ்தி. மழைக்காலம் வரைக்கும் பேப்பருக்கும் ஜெராக்ஸுக்கும் கவலை இல்லை.

அடுத்த தடவைக்குப் பிள்ளைங்க ஒரு புது விதி கொடுத்திருக்காங்க: வெளியே உட்கார்ந்துட்டு "மேல அடி, பின்னாடி போ"ன்னு யோசனை சொல்றவங்களுக்கும் அபராதம். எவ்வளவுன்னு இன்னும் பேசிட்டு இருக்காங்க. பேர் கொடுக்கிறவங்க தயவுசெஞ்சு நான்-மார்க்கிங் ஷூ (தரையில கறை விழாத ஷூ) தனியாப் பையில கொண்டுவாங்க. கோர்ட் ஓனர் இந்தத் தடவை மேட்டைத் துடைக்கவே ஆள் வச்சாரு.