ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானாவை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? நெமி ஏரியிலிருந்து தொடங்குகிறேன்

ரோமிலிருந்து:
ரோமுக்கு வருபவர்கள் கொலோசியம், வத்திக்கான் என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் நெமி ஏரி. அணைந்துபோன எரிமலையின் வாயில் தேங்கிய நீர் அது. ஊர் மேலே விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது. ஏரிக்கு 'டயானாவின் கண்ணாடி' என்று பழைய ரோமானியர் பெயர் வைத்திருந்தார்கள்.

ஏரிப்பக்கம் இருந்த அவள் கோயிலில் மிஞ்சியிருப்பது ஒரு பெரிய மேடையும் சில மாடக்குழிகளும்தான். ஆனால் இங்கே கிடைத்த காணிக்கைகளைப் பற்றிப் படித்தால் தெய்வம் கொஞ்சம் பிடிபடும். சுடுமண்ணில் செய்த கை, கால், கைக்குழந்தையோடு இருக்கும் தாய். எல்லாம் நேர்த்திக்கடன். வில்லும் அம்புமாக அலையும் கன்னித் தெய்வத்திடம் பெண்கள் சுகப்பிரசவம் கேட்டிருக்கிறார்கள். வேண்டுதல் பலித்த பெண்கள் தலையில் மாலையும் கையில் தீப்பந்தமுமாக ரோமிலிருந்து இங்கே வந்ததை ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். திருநாள் ஆகஸ்ட் 13.

பூசாரி கதை வேறு மாதிரி. தப்பியோடி வந்த அடிமை ஒருவன் தோப்பில் ஒரு கிளையை ஒடித்து, இருக்கும் பூசாரியோடு சண்டையிட்டுக் கொன்றால் அடுத்த பூசாரி அவன்தான். பட்டம் 'தோப்பின் அரசன்'. ஒரு பூசாரி ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கிறான் என்று கலிகுலா பேரரசன் அவனைவிட பலசாலி ஒருவனை ஏவிவிட்டானாம்.

கிரேக்க ஆர்ட்டெமிஸும் இவளும் ஒன்று என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததோடு சரி. நெமியில் அந்த ஒட்டு கண்ணுக்கே தெரிகிறது. ஆர்ட்டெமிஸின் பக்தனான கிரேக்க இளவரசன் ஹிப்போலிட்டஸ் குதிரைகளால் இறந்தபின், அவனை உயிர்ப்பித்து விர்பியஸ் என்ற பெயரில் இங்கே ஒளித்து வைத்தார்கள், அதனால் இந்தத் தோப்புக்குள் குதிரைக்கு அனுமதி இல்லை என்கிறது கதை. கிரேக்கக் கதை வரும் முன்பே லத்தீன் ஊர்கள் கூடிக் கும்பிட்ட இடம் இது. வந்த கதைக்கு இவள் இடம் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

உங்கள் ஊர்ப்பக்கம் இவள் எந்தப் பெயரில் இருக்கிறாள்? எழுதுங்கள்.

பாசலிலிருந்து:
எங்களுக்கு எல்லை தாண்டினால் ஜெர்மனியின் பாடன்வைலர். 1784-ல் கண்டெடுத்த ரோமானியக் குளியல் கூடம், இப்போது மேலே கண்ணாடிக் கூரை. கொதிநீரும் தொட்டிகளும் பார்க்கப் போய், டயானா அப்னோபாவுக்கு வைத்த கல் ஒன்று இங்கே கிடைத்ததை அறிந்துகொண்டேன். அப்னோபா என்பது கருங்காட்டு மலை. டான்யூப் அங்கே பிறக்கிறது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். மலைதான் தெய்வம். ரோமானியர் வந்து தங்கள் டயானாவை முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். உள்ளூர்ப் பெயரை அழிக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. பயமா, மரியாதையா, தெரியாது.

லக்சம்பர்க்கிலிருந்து:
ஆர்டென் காட்டில் அவள் பெயர் அர்துயின்னா. பிரான்சில் ஒரு அருங்காட்சியகத்தில் காட்டுப்பன்றி மேல் அமர்ந்த பெண்ணின் வெண்கலச் சிலையை அர்துயின்னா என்று காட்டுவார்கள். சிலையில் பெயர் எதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர் வைத்த பெயர் அது. அதைப் பார்த்துப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறுதியான சான்று ரோமில் கிடைத்த ஒரு கல்: பேரரசரின் மெய்க்காப்புப் படையான பிரீட்டோரியன் படையில் வேலை பார்த்த ஒரு வீரர் வைத்தது. தெய்வங்களின் வரிசையில் அர்துயின்னா முதலில், ஜூபிடருக்கும் முன்னால்!

நான் போனது பிரான்சில் மார்கு என்ற ஊருக்குப் பக்கத்தில், புனித வால்ஃப்ராய் ஆசிரமம் இருக்கும் குன்றுக்கு. 6-ஆம் நூற்றாண்டில் அந்தத் துறவி இங்கே தூண் மேல் நின்று தவம் செய்தார். பனிக்காலத்தில் கால் நகங்கள் உதிர்ந்தன, தாடியில் பனிக்கட்டி தொங்கியது என்று அவரே தூர் நகர ஆயர் கிரகோரியிடம் சொல்லியிருக்கிறார். எல்லாம் எதற்கு? ஊர் மக்கள் கும்பிட்ட டயானா சிலையை விடவைக்கத்தான். கடைசியில் கயிறு கட்டி இழுத்துத் தள்ளி, இரும்புச் சம்மட்டியால் நொறுக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அடுத்து ஆயர்கள் இவரைத் தூணைவிட்டு இறங்கச் சொல்லி, வெளியே அனுப்பிய நேரம் பார்த்து தூணையும் இடித்துவிட்டார்கள்.

நின்று பார்த்தால் சுற்றிலும் காடும் மேய்ச்சல் நிலமும்தான். இத்தனை பேர் டயானா என்று கும்பிட்டது யாரை? ரோமிலிருந்து வந்தவளையா, பெயர் மாறிய பழைய காட்டுக்காரியையா?

கொலோனிலிருந்து:
அவளை அதோடு விட்டார்களா? சுமார் 906-ல் ப்ரூம் மடத்துத் துறவி ரெகினோ தொகுத்த திருச்சபை விதிகளில் பாருங்கள்: சில பெண்கள் இரவில் டயானாவோடு மிருகங்கள் மேல் ஏறி வெகுதூரம் போவதாக நம்புகிறார்களாம், அது வெறும் மாயை என்று கண்டிக்கிறார். நூறு வருடம் கழித்து வோர்ம்ஸ் ஆயர் புர்க்கார்ட் அதே விதியில் பைபிளில் வரும் ஹெரோதியாளையும் சேர்க்கிறார், ஹோல்டா பெயரும் அவர் நூலில் வருகிறது. ஜெர்மன் பாட்டிகள் பேசும் ஹோல்டாவும் ரோமானிய டயானாவும் ஒரே குற்றப்பத்திரிகையில்! மக்களின் பாவ அறிக்கையைக் காதில் வாங்கிய பாதிரியார்களுக்கு லத்தீனில் கைவசம் இருந்த பெயர் டயானா. அந்தப் பெண்கள் வாயில் வேறு பெயர் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

லிஸ்பனிலிருந்து:
போர்ச்சுகலின் எவோரா நகரில் 'டயானா கோயில்' என்று எல்லோரும் காட்டுவார்கள். 14 தூண்கள் நிற்கின்றன. கருங்கல் தூணுக்குப் பளிங்குத் தலைப்பு, மாலை வெயிலில் பார்க்க வேண்டும். ஆனால் டயானாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் கிளப்பிவிட்ட பெயர். பேரரசர் வழிபாட்டுக்குக் கட்டியது என்பதே ஆய்வாளர் கருத்து. 1836 வரை கசாப்புக் கடையாக இருந்ததாம்.

ரோமிலிருந்து:
எவோரா விஷயம் எனக்குப் புதிது, நன்றி. நெமிக்குப் போக நினைப்பவர்களுக்கு: அனாஞ்ஞினா மெட்ரோ நிலையத்திலிருந்து ஜென்சானோவுக்குப் பேருந்து, அப்புறம் அங்கிருந்து நெமி. ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் கலிகுலா இந்த ஏரியில் மிதக்கவிட்ட கப்பல்களைத் தேடாதீர்கள், 1944-ல் எரிந்துவிட்டன. ஐந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரிகள்தான் இருக்கின்றன. ஜூனில் போனால் காட்டு ஸ்ட்ராபெர்ரித் திருவிழா. கூட்டம் அதிகம், ஞாயிறைத் தவிருங்கள்.