கார் விலையில் பேசிய கழிவை (தள்ளுபடியை) எழுத்தில் பெறுவது எப்படி?

வணக்கம். நான் பினாங்கு, பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். ஹோண்டா சிட்டி 1.5 வாங்குவதற்காக மூன்று வாரங்களாக விலை பேசி வருகிறேன். வாயால் சொன்ன கழிவை எழுத்தில் தர எவரும் முன்வராததால், முன்பதிவுப் பணம் கட்ட முடியாமல் நிற்கிறேன்.

முதலில் பார்த்த விற்பனையாளர், விலைத்தாளின் ஓரத்தில் 4,500 ரிங்கிட் கழிவு என்று பென்சிலால் எழுதிக் காட்டினார். அந்தத் தாளைக் கேட்டதும் எழுதியதை அழித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். பாயான் லெப்பாசில் இன்னொருவர் 5,000 தருவதாகச் சொன்னார். மறுநாள் அழைத்தபோது, அவர் ஏற்பாடு செய்யும் வங்கியில் ஒன்பது ஆண்டுக் கடன் எடுத்து, கண்ணாடி டின்டட்டும் மேற்பூச்சும் அடங்கிய 2,800 ரிங்கிட் தொகுப்பையும் வாங்கினால்தான் அது கிடைக்கும் என்றார். கடனை ஐந்து ஆண்டில் முடிப்பதே என் திட்டம். ஆண்டு கூடினால் வட்டியே கழிவை விழுங்கிவிடும்.

காப்புறுதியில் சிக்கலில்லை, இழப்பீடு கோராததற்காகப் பழைய காருக்குச் சேர்ந்துள்ள 55 விழுக்காட்டுக் கட்டணக் கழிவைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். சாலை வரியும் ஆண்டுக்கு 90 ரிங்கிட்தான். டிசம்பர் முடிவதற்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும் என்று விற்பனையாளர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

கடன், தொகுப்பு ஆகிய நிபந்தனைகள் இல்லாமல், முழுக் கழிவையும் முத்திரையிட்ட விலைத்தாளில் எழுதி வாங்கியவர்கள், முன்பணம் கட்டும் முன் அதை எப்படிக் கேட்டுப் பெற்றீர்கள்?