புதுப்பிப்பு: பின்பக்க ஸ்பிரிங் சத்தம் ஒருவழியாக நின்றது

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினாலே என் ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் 'கிறீச், டொக்' என்று கத்துகிறது, ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். ஷாக்கை மாற்றவில்லை, சத்தம் போய்விட்டது.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் முதலில் ஷாக்கைத்தான் பார்த்தார். எண்ணெய்க் கசிவு இல்லை. அப்புறம் என்னை டிக்கியை அமுக்கி அமுக்கி விடச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கின் அடிமுனையில் தண்ணீர் தெளித்தார். வலப்பக்கச் சத்தம் உடனே அடங்கியது. காய்ந்ததும் திரும்ப வந்தது. "ரப்பர் சீட்டுதான் தம்பி" என்றார், அதாவது ஸ்பிரிங்கின் முனை உட்காரும் ரப்பர் மெத்தை.

இந்த வண்டியில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புச் சட்டம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி தேவைப்படவில்லை. பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமுக்கு ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் மெதுவாக இறக்கியதும் ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. கீழ் ரப்பர் கிழிந்து, அதன் பள்ளத்தில் நறநறவென்று மணல். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது. விரிசல் இல்லாததால் துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து அதையே மாட்டினோம்.

ரப்பர் மட்டும் இரண்டு பக்கமும் புதிது. சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும், சிலிக்கான் கிரீஸ்தான் சரி. ஷாக் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகே முழுசாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம் லேசாக ஒரு 'டக் டக்' இருக்கிறது. ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்பு) மேல் சந்தேகம், அதை அடுத்து பார்க்கணும்.