நாய் நூலோடு தையல் ஊசியை விழுங்கிவிட்டது: வாயோரம் தெரியும் நூலை இழுக்கலாமா?

அம்பைத் தையற்காரி
காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்து வருகிறேன். எங்கள் வீட்டில் செவலை என்ற நாட்டு நாய் இருக்கிறது. 3 வயது, எடை 14 கிலோ இருக்கும். இன்று காலை ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பால்காரர் கூப்பிடவே, நூல் கோத்த ஊசியை மடியில் இருந்த பழைய துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனேன். நேற்று இரவு மீன் குழம்பு சாப்பிட்ட கையை என் மகன் அந்தத் துணியில்தான் துடைத்திருக்கிறான் என்பது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் துணி திண்ணைக்குக் கீழே சவைத்துப் போட்டபடி கிடந்தது. அதில் 4 ஊசிகள் இருந்தன, இப்போது 3 தான் இருக்கின்றன. திண்ணையையும் முற்றத்தையும் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன், காந்தத்தை வைத்தும் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

கடந்த அரை மணி நேரமாகச் செவலை எச்சில் வடிக்கிறது, எதையோ விழுங்க முயல்வது போலக் கழுத்தைத் திரும்பத் திரும்ப நீட்டுகிறது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறது. வாயின் இடது ஓரத்தில் இரண்டு விரற்கடை அளவுக்குச் சிவப்பு நூல் வெளியே தெரிகிறது. அந்த நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஊசியும் கூடவே வந்துவிடாதா? மீன் முள் தொண்டையில் குத்தினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வோமே, அது போலச் சோற்று உருண்டை கொடுத்துப் பார்க்கலாம் என்று என் மாமியார் சொல்கிறார். கை நடுங்குகிறது, அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

வள்ளியூர் வாசகர்
காலை 9.52

பதற வேண்டாம் அக்கா. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டு நாய் சேலைக்குக் குத்தும் ஊக்கை விழுங்கிவிட்டது. வாழைப்பழத்தையும் வேகவைத்த பூசணிக்காயையும் சோற்றில் பிசைந்து வயிறு நிறையக் கொடுத்தோம். மூன்றாம் நாள் மலத்தோடு ஊக்கு வெளியே வந்தது, அதன் பிறகு நாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வெளியேறும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்
காலை 9.58

தங்கச்சி, முதலில் நூலை விட்டுவிடுங்கள். இழுக்கவும் வேண்டாம், நறுக்கவும் வேண்டாம். நூலின் மறுமுனையில் ஊசி எந்தத் திசையைப் பார்த்துக் கிடக்கிறது என்பது வெளியே இருந்து யாருக்கும் தெரியாது. ஊசியின் முனை தொண்டைச் சதையிலோ உணவுக்குழாயின் சுவரிலோ ஏறியிருந்தால், நீங்கள் எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் அது ஆழமாகத்தான் போகும். நூல் நாக்கின் அடியில் சுற்றியிருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் நூல் கத்தி போல அடிநாக்கை அறுத்துவிடும். வெளியே தெரிகிற அந்த நூல்தான் மருத்துவருக்கு வழிகாட்டி, ஆகவே நாய் அதைக் காலால் இழுத்துவிடாதபடி ஒருவர் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சோற்று உருண்டையும் வேண்டாம். மனிதருக்கே அது நல்ல வைத்தியம் அல்ல. சிறு மீன் முள்ளில் தப்பித்துக்கொள்கிறோம் என்பதற்காக இரும்பு ஊசியில் அதைச் சோதிக்கக் கூடாது. இப்போது கழுத்தை நீட்டி விழுங்கித் திணறுகிறது என்றால் ஊசி பெரும்பாலும் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ நிற்கிறது என்று பொருள், அதன் மேல் உருண்டையைத் தள்ளினால் ஊசி குத்திக்கொண்டுதான் இறங்கும். அதோடு, ஊசியை எடுப்பதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் அது வாய்க்கு ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. ஆகவே சோறு, பால், பிஸ்கட் எதுவும் கொடுக்காமல் கொண்டு போங்கள்.

வாந்தி எடுக்க வைக்கலாம் என்று யாராவது உப்புத் தண்ணீரையோ புளிக் கரைசலையோ நீட்டினால் மறுத்துவிடுங்கள். கூரான பொருள் ஒரு முறை இறங்கியதே ஆபத்து, அதை அதே வழியில் மேலே ஏற்றுவது இரண்டாவது ஆபத்து. போதாக்குறைக்கு, மிகுதியான உப்பு நாயின் மூளையையே தாக்கி வலிப்பு வரவைக்கும்.

ஒன்றை இப்போதே கேட்டுக்கொள்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? எச்சில் வடிவதும், வாயை மூட முடியாமல் தொங்கவிடுவதும், விழுங்கத் திணறுவதும் வெறிநோயிலும் வரும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று நினைத்து நாயின் வாய்க்குள் கைவிட்டவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் வாய்க்குள் விரல் விட வேண்டாம். கையில் பல்லோ எச்சிலோ பட்டுக் கீறல் இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.

உங்கள் நாய்க்கு இப்போது தேவை எக்ஸ்ரே. அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் அந்த வசதி இல்லை என்றால் அங்கே நேரத்தைச் செலவழிக்காமல், திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் இயங்கி வரும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நேராகப் புறப்படுங்கள். அது சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது. காணாமல் போன ஊசியைப் போன்ற இன்னொரு ஊசியையும் அதே நூலில் ஒரு துண்டையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு நீளத்தைத் தேட வேண்டும் என்பது மருத்துவருக்கு உடனே தெரிந்துவிடும். வாயை இறுக்கிக் கட்டாதீர்கள், ஏனென்றால் வழியில் வாந்தி வந்தால் மூச்சடைக்கும்.

அம்பைத் தையற்காரி
காலை 10.06

மிக்க நன்றி ஐயா. போன கார்த்திகையில் தடுப்பூசி போட்டோம், அட்டை இருக்கிறது. என் கையில் கீறல் எதுவும் இல்லை. காலையில் இருந்து செவலைக்குத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி அவருடைய வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வந்து நிற்கிறார், புறப்பட்டுவிட்டோம். நூலை யாரும் தொடவில்லை.

முக்கூடல் ஆற்றங்கரை
காலை 10.25

ஐயா சொன்னதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். தாமிரபரணியில் தூண்டில் போடுவது எனக்குச் சிறு வயது முதல் பழக்கம். ஒரு நாள் மாலை மைதா உருண்டை கோத்த தூண்டிலைப் படித்துறையில் சாய்த்து வைத்துவிட்டு வலையை அலசிக்கொண்டிருந்தபோது, எங்கள் சிப்பிப்பாறை நாய் அந்த உருண்டையை முள்ளோடு விழுங்கிவிட்டது. தூண்டில் நரம்பு என் கையிலேயே இருந்தது. மீனின் வாயில் இருந்து முள்ளை எடுத்துப் பழகிய கை அல்லவா, ஒரு சுண்டு சுண்டினால் வந்துவிடும் என்று நினைத்து இழுத்தேன். தூண்டில் முள்ளில் பின்னோக்கிய செதில் எதற்காக இருக்கிறது என்பது தெரிந்தவனே அப்படிச் செய்தேன். முள் உணவுக்குழாயைக் கிழித்துக்கொண்டு நெஞ்சுப் பகுதியில் ஏறிவிட்டது. மருத்துவர் கையால் ஆனதையெல்லாம் செய்தார், ஆனால் சீழ் பிடித்து நான்காம் நாள் இறந்துபோனது. நரம்பை அப்படியே விட்டுக் கொண்டுவந்திருந்தால் அதன் வழியாகவே ஒரு குழாயைச் செலுத்தி முள்ளை விடுவிக்க முயன்றிருக்கலாம் என்று அவர் சொன்னதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. தங்கை நூலைத் தொடாமல் புறப்பட்டார் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

வள்ளியூர் வாசகர்
காலை 10.41

நான் எழுதியது தவறான வழிகாட்டுதலாகிவிட்டது, அக்கா மன்னிக்க வேண்டும். ஆனால் எங்கள் நாய்க்கு ஊக்கு வெளியே வந்தது உண்மை. அப்படியானால் எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது என்பதை ஐயா விளக்கினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்
காலை 11.10

உங்கள் அனுபவம் பொய் அல்ல தம்பி. வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கிவிட்ட கூரான பொருட்களில் கணிசமானவை தாமாகவே வெளியேறுகின்றன. குடலின் உட்சுவரில் முனை பட்டவுடன் அந்த இடம் குழிந்து பின்வாங்கும். அப்படிப் பின்வாங்கப் பின்வாங்கப் பொருள் மெல்லத் திரும்பி, மழுங்கிய பக்கம் முன்னே வரும்படி நகரும். உங்கள் ஊக்கு மூடியிருந்திருந்தால் அதற்கு இன்னும் எளிது. ஆனால் காத்திருக்கலாம் என்ற முடிவை வீட்டில் இருந்து எடுக்கக் கூடாது. பொருள் எங்கே நிற்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்த மருத்துவர் அதைச் சொல்ல வேண்டும். உணவுக்குழாயில் நின்றால் காத்திருக்கவே கூடாது. வயிற்றில் இருந்தால், எண்டோஸ்கோப் வசதி உள்ள இடத்தில் வயிற்றைக் கிழிக்காமலே வாய் வழியாக எடுத்துவிடலாம், அது குடலுக்குள் இறங்குவதற்கு முன்பு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவசரத்துக்குக் காரணம். குடலுக்குள் போய்விட்டால் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, பொருள் நகர்கிறதா என்று பார்ப்பார்கள். நகராமல் ஒரே இடத்தில் நின்றாலோ, நாய்க்கு வாந்தி, காய்ச்சல், வயிற்று வலி, கரிய தார் போன்ற மலம் ஆகியவற்றில் ஏதேனும் தொடங்கினாலோ அறுவை சிகிச்சைதான். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கும்பிடுவது போல நிற்கும் நாய்க்கு வயிற்று வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நார்ச்சத்து உணவு கொடுக்கச் சொல்வதும் மருத்துவர் படத்தைப் பார்த்த பிறகுதான். விளக்கெண்ணெய் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். கூரான பொருள் உள்ளே இருக்கும்போது குடலை முறுக்கி விரட்டுவது ஓட்டை விழுவதற்கே வழி செய்யும்.

நூல் கோத்த ஊசியின் கதை வேறு. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ வயிற்றின் வாசலிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் தன் போக்கில் கீழே இழுக்கும். பாவாடைக்கு நாடா கோத்து இழுத்தால் துணி எப்படிக் கொசுவம் கொசுவமாகச் சுருங்குகிறதோ, அப்படியே குடல் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். சுருங்கிய ஒவ்வொரு மடிப்பின் உள்வளைவிலும் நூல் அறுக்கும். ஓர் ஓட்டையோடு நிற்காது, பல இடங்களில் ஓட்டை விழும். ஊசி மட்டும் என்றால் ஒரு வகையில் பிழைத்துக்கொள்ளும். நூலும் சேர்ந்தால் மருத்துவர் ஒருபோதும் அசட்டையாக விடமாட்டார். இதே காரணத்தால் மலத்துவாரத்தில் நூல் தொங்கினாலும் இழுக்கக் கூடாது.

எக்ஸ்ரேயில் இரும்பு பளிச்சென்று தெரியும், ஆனால் பிளாஸ்டிக்கும் மரக்குச்சியும் தெரியாது என்பதால், படத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் நாய் சோர்ந்தே இருந்தால் மறுபடியும் காட்டுங்கள். கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் உள்ள பொத்தான் பேட்டரியில் கூர்மை இல்லை என்றாலும், ஈரம் பட்டவுடன் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரிக்கத் தொடங்கிவிடும். அதற்கும் இதே அவசரம் தேவை. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையோ டைக்ளோபினாக்கையோ ஒடித்துக் கொடுத்துவிடாதீர்கள், மனிதரின் வலி மாத்திரைகள் நாயின் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அம்பைத் தையற்காரி
இரவு 7.30

செவலை பிழைத்துவிட்டது. இப்போதுதான் வீடு திரும்பினோம், முதல் வேலையாக உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அதில் தாடைக்குப் பின்னால் ஓர் அரிசிமணி அளவுக்கு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரிந்தது. இது ஊசியாக இருக்க முடியாதே என்று நான் நினைத்தேன். மருத்துவர் நாயை மல்லாக்கப் படுக்க வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதில் ஊசி முழு நீளத்துக்கும் கோடு போட்டது போலக் குறுக்கே கிடந்தது. முதல் படத்தில் ஊசியின் முனை நம்மைப் பார்த்தபடி இருந்ததால்தான் புள்ளியாகத் தெரிந்தது என்றும், அதனால்தான் இரண்டு கோணத்தில் எடுக்கிறோம் என்றும் விளக்கினார். நான் கொண்டுபோன ஊசியைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார், நீளம் ஏறக்குறைய ஒத்துப்போனது. உடையவில்லை என்பதும் அதிலேயே உறுதியானது.

மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியபோது, நூல் அடிநாக்கை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அதற்குள்ளேயே நூல் பதிந்து அந்த இடம் சிவந்து கோடிட்டிருந்தது. முதலில் அந்தச் சுற்றைக் கத்தரித்து விடுவித்தார், பிறகு நீண்ட இடுக்கியால் ஊசியைப் பிடித்து, குத்திய திசைக்கு எதிராகப் பின்னுக்குத் தள்ளி எடுத்தார். இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவராகவே அந்தச் சிவந்த கோட்டைத் தொட்டுக் காட்டினார். வயிற்றையும் சேர்த்து மறுபடியும் படம் எடுத்து, வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே அனுப்பினார். 5 நாட்களுக்கு மாத்திரையும், இரண்டு நாட்களுக்குக் குழைந்த உணவும் சொல்லியிருக்கிறார். மாமியார் கேப்பைக் கூழ் காய்ச்சி ஆற வைத்திருக்கிறார். கொடுக்கலாமா ஐயா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்
இரவு 7.48

மனம் நிறைந்தது தங்கச்சி. மயக்கம் முழுவதும் தெளிந்து, தள்ளாடாமல் நடந்து, தண்ணீரை இருமலின்றிக் குடித்த பிறகு கூழைக் கொடுங்கள். சூடு அறவே இருக்கக் கூடாது, உப்பும் வேண்டாம். இன்னும் ஒரு வாரத்துக்குத் தினமும் காலையில் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் கையால் தடவிப் பாருங்கள். ஊசி குத்திய வழியில் கிருமி தங்கினால் அங்கே வீக்கம் எழும்பும். வீங்கினாலோ, சாப்பிட மறுத்தாலோ, மாத்திரை முடியும் வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே கொண்டு போங்கள்.

அம்பைத் தையற்காரி
இரவு 9.15

அப்படியே செய்கிறேன் ஐயா. தண்ணீர் குடித்தது, இருமல் இல்லை. கூழை முதலில் முகர்ந்துவிட்டு விலகியது. மாமியார் விரலில் தொட்டு நீட்டியதும் நக்கத் தொடங்கி, கிண்ணத்தில் பாதியைக் காலி செய்துவிட்டு அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது. 4 ஊசிகளும் மூடி போட்ட தகர டப்பாவுக்குள் போய்விட்டன, இடுக்கியில் வந்த ஊசியையும் சேர்த்துத்தான்.