படித்த கருத்து வேலை மேசையில் கைகொடுத்த கதைகள்

எப்போதோ பரீட்சைக்காகப் படித்தது, வருடங்கள் கழித்து வேலையில் கைகொடுத்த கதை இருந்தால் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

நான் கட்டிய பவர் சப்ளை ஒன்று சில நிமிடம் ஓடியதும் தானாக அணைந்துவிடும். வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் சூடாகிறது என்பது தெரிந்ததுதான். சூட்டை வாங்கிக் காற்றில் விடும் துடுப்பு வைத்த உலோகம், அதாவது ஹீட் சிங்க், பெரிதாக ஒன்று மாட்டினேன். கூடுதலாக ஒரு நிமிடம் தாங்கியது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி வந்தபோது சீனியர் ஒருவர், "முதல்ல இதை ஒரு சர்க்யூட்டா வரைஞ்சு காட்டு" என்றார்.

வெப்பத்துக்கு என்ன சர்க்யூட்? வெப்பமாகப் பாயும் வாட்தான் கரண்ட். வெப்பநிலை வித்தியாசம்தான் வோல்டேஜ். ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறதோ அதுதான் ரெசிஸ்டன்ஸ். சிப், நடுவில் காப்புத் தகடு, ஹீட் சிங்க், காற்று என்று எல்லாம் தொடர் இணைப்பு. வரைந்து முடித்ததும் அளந்தோம். ரெகுலேட்டரின் உலோக முதுகு 105 டிகிரி, ஹீட் சிங்க் 55, அறை 30. செலவாவது 10 வாட்.

"வெப்பம் ஹீட் சிங்க்குக்குப் போய்ச் சேரவே இல்லை" என்றேன். சிரித்தார். "சேராம எங்க போகும்? பத்து வாட்டும் அது வழியாத்தான் போகுது. நடுவுல இருக்குற தகடு அதுக்கு 50 டிகிரி வாங்கிக்குது." கழற்றிப் பார்த்தால், திருகு ஓட்டையின் விளிம்பில் சின்னப் பிசிறு. தகடு சமமாக உட்காரவே இல்லை. அரத்தால் தேய்த்து, தெர்மல் பேஸ்ட் தடவி மாட்டியதும் முதுகு 70 டிகிரிக்கு இறங்கிவிட்டது. வாங்கிய பெரிய ஹீட் சிங்க் இன்னும் சும்மா கிடக்கிறது.

ஒரு கொசுறு: ஓம் 1827இல் தன் விதியை (வோல்டேஜ் = கரண்ட் × ரெசிஸ்டன்ஸ்) வெளியிட்டபோது, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியேயின் வெப்பக் கடத்தல் கணக்கைத்தான் முன்மாதிரியாக வைத்திருந்தார். அன்று மின்சாரம் வாங்கிய கடன், இப்போது வட்டியோடு திரும்புகிறது.

*

என்னுடையது கொஞ்சம் வெட்கக்கேடு. நொடிக்கு 10 முறை வெப்பநிலையைப் பதியும் கருவியில் மெதுவான அலை ஒன்று தெரிந்தது. ஏறி இறங்க ஏறக்குறைய 20 நொடி. ஏசியின் வேலை என்று முடிவு கட்டி, சென்சாரைத் தெர்மாக்கோலால் மூடினேன், திசை மாற்றி வைத்தேன். இரண்டு நாள் போனது.

பக்கத்து மேசைக்காரர் வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "நொடிக்கு 11ஆ மாத்திப் பாருங்க. நிஜ அலைன்னா அப்படியே இருக்கும்." மாற்றினேன். அலை போயே போச்சு. அதன் இடத்தில் 5 ஹெர்ட்ஸ் அளவில் ஒரே நடுக்கம். உள்ளே வந்துகொண்டிருந்தது மின் இணைப்பின் இரைச்சல். 49.95 ஹெர்ட்ஸ் இரைச்சலை நொடிக்கு 10 முறை எட்டிப் பார்த்தால் 0.05 ஹெர்ட்ஸ் அலைபோலத் தெரியும், அதாவது 20 நொடி. திரையில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுமே, அதே கதை.

அலையின் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்காவிட்டால் இப்படிப் பொய் அலை தெரியும் என்கிற நைக்விஸ்ட் தேற்றத்தை நிரூபித்து மார்க் வாங்கியவன் நான்! அப்புறம் அளவீட்டுக்கு முன்னாலேயே வேகமான இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஆர்சி ஃபில்டர் (ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர்) போட்டேன். பதிந்த பிறகு சராசரி எடுத்து அந்தப் பொய் அலையைத் தனியே பிரிக்க வழியில்லை.

*

ஹீட் சிங்க் கதை சொன்னவருக்கு ஒரு எச்சரிக்கை. அதே படத்தை நம்பி நான் ஒரு வெற்றிட அறைக்குள் சர்க்யூட் வைத்தேன். ஹீட் சிங்க்கின் ரெசிஸ்டன்ஸ் எண்ணை டேட்டாஷீட்டிலிருந்து (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) அப்படியே எடுத்தேன். அது காற்று இருக்கும்போது அளந்த எண். காற்றை உறிஞ்சி எடுத்ததும் மிச்சம் கதிர்வீச்சு மட்டும்தான். துடுப்புகள் ஒன்றையொன்று பார்த்துச் சூட்டைப் பரிமாறிக்கொண்டு நின்றன. பளபள அலுமினியம் வேறு, கதிர்வீச்சில் படு கஞ்சம். கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், மாறாத ரெசிஸ்டன்ஸ் ஒன்றை அங்கே வரையவும் முடியாது. கடைசியில் ஹீட் சிங்க்கைக் கழற்றிவிட்டு, தடித்த செம்புப் பின்னல் ஒன்றால் போர்டை அறையின் சுவரோடு இணைத்தேன். படத்தில் மறுபடி ஒரே ஒரு ரெசிஸ்டர்.