விலையை ஏற்றினால் மதிப்பும் ஏறுமா?

உளிக்காரன்:
நாற்காலி செய்து விற்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் விலையை ஒன்றரை மடங்கு ஆக்கினேன். அதே மரம், அதே பாலிஷ், அதே கை. முன்பெல்லாம் வருகிறவர்கள் நாற்காலியை ஆட்டிப் பார்த்து, "இவ்வளவு மலிவா இருக்கே, மரத்துல ஏதாவது கோளாறா?" என்பார்கள். இப்போது உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எப்போ கிடைக்கும்?" என்கிறார்கள். இத்தனை வருடம் என் வேலையை நானே தாழ்த்திக்கொண்டிருந்தேன் என்று படுகிறது. விலை குறைந்தால் மதிப்பும் குறையும். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கறார் கணக்கு:
நான் மறுக்கிறேன். நாற்காலி மாறவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு வாங்கியவருக்கு என்ன கிடைத்தது?

தேடல்காரி:
அனுபவம் கிடைத்தது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். குடிக்கும்போதே மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டாலர் என்றபோது "நன்றாக இருக்கிறது" என்று வாய் சொன்னதோடு நிற்கவில்லை, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியும் கூடுதலாக இயங்கியது. அதே ஆண்டு இன்னோர் ஆய்வு: 82 பேருக்கு வலி மாத்திரை என்று சொல்லி மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. விலை 2.50 டாலர் என்று கேட்டவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. 10 சென்ட் என்று கேட்டவர்களில் 61 சதவீதம். இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது.

கறார் கணக்கு:
அந்த மாத்திரைதான் என்னைப் பயமுறுத்துகிறது. உள்ளே ஒன்றுமே இல்லை, விலை மட்டும் வேலை செய்திருக்கிறது. ஒயின் கதையின் மீதியையும் சொல்லுங்கள்: விலை சொல்லாமல் பிறகு அதே ஆட்களுக்குக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

இன்னொன்று. "இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது" என்று எல்லோரும் சொல்கிறோம். கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்து இதைச் சோதித்தார்கள், 2010-ல் முடிவு வெளியானது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிடக் கூடுதலாக வலையைப் பயன்படுத்தவில்லை. விலை 60 சென்ட் ஆனதும் வாங்குகிறவர்கள்தான் வெகுவாகக் குறைந்தார்கள். தேவையுள்ளவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது அந்த விலை. உங்கள் பழைய விலைக்கு வந்தவர்கள் இப்போது எங்கே போனார்கள் என்று யோசித்தீர்களா?

உளிக்காரன்:
யோசித்தேன். அதுதான் உறுத்துகிறது. ஆனால் கொசுவலை எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். நாற்காலியின் மூட்டு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவர் விலையைத்தானே பிடித்துக்கொள்கிறார்?

தேடல்காரி:
ஆமாம். அமெரிக்காவில் ஜேசி பென்னி என்ற பெரிய கடை நிறுவனம் 2012-ல் தள்ளுபடி, கூப்பன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரடியாகக் குறைந்த விலையைப் போட்டது. அந்த ஆண்டு விற்பனை கால் பங்கு சரிந்தது. பழைய விலையை அடித்துக் காட்டாததால் லாபம் கிடைத்த உணர்வே பலருக்கு வரவில்லை.

கறார் கணக்கு:
அப்படியானால் வாங்குகிறவருக்குத் தெரியாததைத் தெரியவையுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து மூட்டைக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் இந்த விலையைக் கொடுத்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

உளிக்காரன்:
நாளை வருகிறவரிடமிருந்து தொடங்குகிறேன். முதலில் கவிழ்த்துக் காட்டுவேன், விலை பிறகு. என்ன நடக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.